ஆக்சஸ் ரிப்போர்ட்டில் தலைப்பும் டெக்ஸ்ட் பாக்ஸும் ஒரே கோட்டில் நிற்கவில்லை, உதவி தேவை

அச்சுப்பிழை:
வணக்கம். மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் இருப்புப் பட்டியலுக்கு ஒரு ரிப்போர்ட் செய்துகொண்டிருக்கிறேன். ஏ4 தாள், நெட்டுவாக்கில். வரிசை எண், பொருள் பெயர், அலகு, இருப்பு, மதிப்பு என்று ஐந்து பத்திகள். தலைப்பு லேபிள்கள் பேஜ் ஹெடரில் (ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் வரும் பகுதி), தகவலைக் காட்டும் டெக்ஸ்ட் பாக்ஸ்கள் டீட்டெயில் பகுதியில் (ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை அச்சாகும் பகுதி). டிசைன் வியூவில் பார்த்தால் எல்லாம் நேராக இருக்கிறது. அச்சடித்தால் தலைப்பு ஒரு பக்கம், எண்கள் ஒரு பக்கம். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வெற்றுத் தாள் வேறு வருகிறது. மவுஸால் இழுத்து இழுத்து விரல் வலிப்பதுதான் மிச்சம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அலைன் லெஃப்ட் கொடுத்துப் பார்த்தேன், பத்திகள் எல்லாம் இடது பக்கம் போய் நெருக்கிக்கொண்டன. நல்லவேளை, கன்ட்ரோல் இசட் இருந்தது.

நேர்கோடு:
மவுஸைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 'இருப்பு' தலைப்பைத் தேர்ந்தெடுத்து எஃப்4 அழுத்தினால் பிராப்பர்ட்டி ஷீட் வரும். அதில் லெஃப்ட் எவ்வளவு? கீழே உள்ள டெக்ஸ்ட் பாக்ஸுக்கு எவ்வளவு? டெக்ஸ்ட் அலைன் என்ன? மூன்றையும் சொல்லுங்கள்.

அச்சுப்பிழை:
தலைப்பு 11.101 செ.மீ., பாக்ஸ் 11.155 செ.மீ. டெக்ஸ்ட் அலைன் இரண்டிலும் ஜெனரல். இவ்வளவு சின்ன வித்தியாசமா காரணம்?

நேர்கோடு:
பாதிக் காரணம் அது. ஆக்சஸ் உள்ளுக்குள் எல்லா இடத்தையும் ட்விப் என்ற அலகில்தான் வைத்துக்கொள்கிறது. ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப், ஒரு செ.மீ.க்குச் சுமார் 567. வழக்கமான 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 பிக்சல்) திரையில் ஒரு பிக்சல் என்பது 15 ட்விப். உங்கள் வித்தியாசம் 0.054 செ.மீ., அதாவது இரண்டே பிக்சல். திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். தாளில் அரை மில்லிமீட்டர் விலகல், பார்டர் போட்டிருந்தால் பளிச்சென்று தெரியும்.

மீதிப் பாதி அந்த ஜெனரல். அது எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் ஒதுக்கும். தலைப்பு எழுத்து, கீழே இருப்பது எண். பாக்ஸ்கள் மிகச் சரியாக ஒன்றன்கீழ் ஒன்று நின்றாலும் உள்ளே இருப்பவை எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்கும். எண் பத்திகளில் தலைப்பு, பாக்ஸ் இரண்டுக்கும் ரைட் என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். மதிப்புக்கு ஃபார்மட்டில் ஸ்டாண்டர்ட், டெசிமல் பிளேசஸ் 2. இல்லாவிட்டால் 12.5க்குக் கீழே 12.25 வந்து புள்ளிகள் ஒன்றுக்கொன்று விலகிப் போகும்.

இனி இடம். முதலில் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். தாள் அகலம் 21 செ.மீ., இரு பக்கமும் 1.5 மார்ஜின் விட்டால் மிச்சம் 18. நான் என்றால் 17.9க்குள் முடிப்பேன். பத்தி அகலங்கள் 1.2, 7.7, 2, 3, 4. அப்படியானால் லெஃப்ட் மதிப்புகள் 0, 1.2, 8.9, 10.9, 13.9. ஒரு பத்தியின் தலைப்பையும் பாக்ஸையும் ஷிஃப்ட் பிடித்துச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, லெஃப்டிலும் விட்த்திலும் எண்ணைத் தட்டினால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு விழும். வெவ்வேறு பகுதியில் இருந்தாலும் பரவாயில்லை. அலைன் லெஃப்டும் இப்படி ஒரு பத்திக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. ஒரே வரிசையில் இருப்பவற்றுக்குக் கொடுத்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்க அடுத்தடுத்து ஒட்டி வைத்துவிடும்.

வெற்றுத் தாளுக்குக் காரணம் ரிப்போர்ட்டின் விட்த் 18ஐத் தாண்டியிருப்பது. அதைக் குறையுங்கள். குறைய மறுத்தால் வலது ஓரத்தில் ஏதோ ஒரு கோடோ காலி லேபிளோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அச்சுப்பிழை:
வெற்றுத் தாள் போயே போச்சு! பேஜ் ஹெடரில் போட்டிருந்த ஒரு கோடுதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் 1.2 தட்டினால் 1.199 என்று மாறுகிறது, நான் ஏதாவது தப்பு செய்கிறேனா? இன்னொன்று, அலகு பத்தியின் அகலத்தை மாற்றினால் மற்றவையும் சேர்ந்து நகர்கின்றன.

நேர்கோடு:
1.199 தப்பு இல்லை. 1.2 செ.மீ.க்கு அருகிலுள்ள முழு ட்விப் 680, அதைத் திரும்ப செ.மீ. ஆக்கினால் அப்படித்தான் காட்டும். நகர்வதற்குக் காரணம் லேஅவுட், அதாவது பத்திகளை ஒரே அட்டவணையாகக் கட்டிவைக்கும் அமைப்பு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அரேஞ்ச் பகுதியில் ரிமூவ் லேஅவுட் கொடுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றும் தனித்தனி.

அச்சுப்பிழை:
நேராகிவிட்டது, மிக்க நன்றி. கடைசியாக ஒரு தொல்லை. பொருள் பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாகட்டும் என்று, பாக்ஸை உயரமாக வளரவிடும் கேன் குரோவை யெஸ் வைத்தேன். அந்தப் பாக்ஸ் மட்டும் வளர்கிறது, பக்கத்துப் பாக்ஸ்களின் பார்டர் பாதியில் நின்றுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் யெஸ் கொடுத்தும் பலனில்லை.

ஓரக்குறிப்பு:
இடையில் நுழைகிறேன். கேன் குரோ அந்தந்தப் பாக்ஸின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் வளர்க்கும், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காது. பார்டரையே எடுத்துவிடுங்கள். பார்டர் ஸ்டைல் டிரான்ஸ்பரன்ட், பாக்ஸ்களின் டாப் 0, டீட்டெயிலின் உயரம் பாக்ஸ் உயரத்தோடு சரியாக. பிறகு டீட்டெயிலின் ஆன் பிரின்ட் நிகழ்வில் (அந்தப் பகுதி அச்சாகும்போது ஓடும் கோட்) நீங்களே கட்டம் வரைய வேண்டும். முதல் சுற்றில் அந்தப் பகுதியின் டெக்ஸ்ட் பாக்ஸ்களில் எதன் ஹைட் அதிகம் என்று பார்த்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பாக்ஸுக்கும் ரிப்போர்ட்டின் லைன் மெத்தடை அழைத்து, அதன் லெஃப்டில் மேலே 0 தொடங்கி, லெஃப்டும் விட்த்தும் கூட்டிய இடத்தில் அந்த அதிக உயரம் வரை ஒரு செவ்வகம். கடைசியில் 'பி' என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் செவ்வகம், இல்லையென்றால் குறுக்குக் கோடு. அதற்கு முன்பே ஓடும் ஆன் ஃபார்மட்டில் எழுதிவிடாதீர்கள், அங்கே வளர்வதற்கு முந்தைய உயரம்தான் கிடைக்கும்.

அச்சுப்பிழை:
எழுதினேன். கோடே வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

ஓரக்குறிப்பு:
ரிப்போர்ட் வியூவில் பார்க்கிறீர்களா? அங்கே ஆன் பிரின்ட் ஓடவே ஓடாது. பிரின்ட் பிரிவ்யூவில் திறங்கள். நானும் இதில் ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

அச்சுப்பிழை:
வந்துவிட்டது! இரண்டு வரிப் பெயருக்கும் கட்டம் முழுசாக மூடுகிறது. இருவருக்கும் நன்றி.

படிவக்காரன்:
இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். ஏற்கனவே கோடு போட்டு அச்சடித்த படிவத்தில், அங்குலத்துக்கு ஆறு வரி. டீட்டெயில் உயரம் 0.42 செ.மீ. வைத்திருக்கிறேன். முதல் வரி கச்சிதம், போகப் போக மேலே ஏறி முப்பதாவது வரி கோட்டை விட்டு விலகுகிறது. பிரின்டர் கோளாறா?

நேர்கோடு:
பிரின்டர் பாவம். அங்குலத்துக்கு ஆறு என்றால் ஒரு வரிக்கு 240 ட்விப். 0.42 செ.மீ. என்பது 238. வரிக்கு இரண்டு குறைந்தால் முப்பது வரியில் 60, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 0.423 போடுங்கள். பிடிஎஃப் ஆக்கி அச்சடிப்பதாக இருந்தால் 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள். தாளுக்குள் அடக்குகிறேன் என்று அது எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கிவிடும்.

படிவக்காரன்:
0.423 போட்டேன், ஃபிட்டையும் எடுத்தேன். முப்பதாவது வரி கோட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. ஃபிட் வேறு இத்தனை நாளாகக் கூட்டுச் சதி செய்திருக்கிறது.