விளையாட்டு மூலையை எடுத்துவிட்டு எழுத்து மேசை போடலாமா?

வெள்ளவத்தை அம்மா:
மகளுக்கு நாலு வயது. அவள் போகும் முன்பள்ளியில் ஒரு மூலையில் சின்ன அடுப்பு, சட்டி பானை, பழைய தொலைபேசி, சேலைத்துண்டு எல்லாம் வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் அங்கே வீடு, கடை, பஸ் என்று விளையாடுவார்கள். போன பெற்றோர் கூட்டத்தில் சிலர் அதை எடுத்துவிட்டு எழுதப் பழக்கச் சொன்னார்கள். முதலாம் ஆண்டில் பிள்ளை திணறக்கூடாதாம். நிர்வாகமும் தலையாட்டிவிட்டது. எனக்கு இது சரியாகப் படவில்லை. நாங்கள் இருப்பது தொடர்மாடியில். முற்றமும் இல்லை, பக்கத்து வீட்டில் பிள்ளைகளும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து விளையாட அவளுக்குக் கிடைக்கிற ஒரே இடம் அந்த மூலைதான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை அப்பா:
எழுத்து மேசை வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், அக்கா. விளையாட்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்படி வேறொருவராக நடித்து விளையாடும் பாவனை விளையாட்டு மூளையை வளர்க்கும், கற்பனையைக் கூட்டும் என்று எல்லாரும் உறுதியாகச் சொல்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். 2013இல் அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்டும் குழுவினரும் பல பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். படைப்பாற்றல், புத்திக்கூர்மை எதற்கும் பாவனை விளையாட்டுத்தான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். எந்தப் பிள்ளை விளையாடிய குழு, எது விளையாடாத குழு என்று தெரிந்தவரே சோதித்த ஆய்வுகளும் அதில் உண்டு, அப்படிச் சோதித்தால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். தன் பெயரிலேயே ஒரு கல்விமுறையை உருவாக்கிய இத்தாலியரான மொண்டிசோரி அம்மையாரும் பொய்ச் சமையலை விட உண்மையான மரக்கறியை வெட்டக் கொடுப்பதையே விரும்பினார். 1944இல் இலங்கைக்கே வந்து போனவர். அவர் பெயரைப் பலகையில் போட்ட முன்பள்ளி தெருவுக்குத் தெரு இருக்கிறது, அவர் சொன்னதை யோசிக்கத்தான் ஆள் இல்லை.

முன்பள்ளி ரீச்சர்:
தம்பி, அந்தக் கட்டுரையின் மறுபாதியையும் சொல்லுங்கள். பாவனை விளையாட்டு வீண் என்று அவர்கள் சொல்லவில்லை. அது இன்றியமையாததாக இருக்கலாம், பல வழிகளில் ஒன்றாக இருக்கலாம், வேறொன்றோடு கூடவே வருவதாகவும் இருக்கலாம், எது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அதோடு, பிள்ளை தானே கையாண்டு, தன் விருப்பத்தில் கற்கும் முறைதான் இதுவரை தெரிந்தவற்றில் மிக நல்லது என்றும் எழுதினார்கள். மேசையில் உட்கார வைத்து நோட்டில் எழுத்தை நிரப்பச் சொல்ல அந்தக் கட்டுரை உதவாது.

நான் படிப்பிக்கும் முன்பள்ளியிலும் இப்படி ஒரு மூலை உண்டு. அங்கே நான் பார்ப்பது வேறு. பாவனை விளையாட்டில் விதி இருக்கிறது என்று சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஒரு விரிவுரையில் விளக்கினார். ஐந்து வயதும் ஏழு வயதுமான அக்கா தங்கை இருவர் "அக்கா தங்கை" விளையாடியதை உதாரணம் காட்டுகிறார். நிஜத்தில் யோசிக்காமல் செய்வதை, விளையாட்டில் "அக்கா இப்படித்தான் நடப்பாள்" என்று யோசித்துச் செய்தார்கள். எங்கள் வகுப்பில் கொண்டக்டராக வரும் பிள்ளை தானும் சீட்டில் உட்கார ஆசைப்படுவான். ஆனால் கொண்டக்டர் நிற்கவேண்டும், அதனால் நிற்பான். நான் சொன்னால் இரண்டு நிமிடம் கூட நிற்காதவன் அவன். வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளை, காலி வீதி பஸ்ஸில் காதில் விழுந்த சிங்களத்தில் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று ஆட்களை முன்னுக்குத் தள்ளுவதையும் அங்கேதான் கேட்டேன். அதை யாரும் படிப்பிக்கவில்லை.

உளவியல் மாணவன்:
ரீச்சர் சொல்வதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. 1948இல் இஸ்தோமினா என்ற சோவியத் ஆய்வாளர், கடை விளையாட்டில் சாமான் வாங்கப் போகும் பிள்ளை, வகுப்புப் பாடம் போல் பட்டியலைச் சொல்லித் திருப்பிக் கேட்டபோது சொன்னதை விட அதிக பெயர்களை ஞாபகம் வைத்திருப்பதாகக் கண்டார்.

கொட்டாஞ்சேனை அப்பா:
1986இல் அமெரிக்காவில் அதைத் திரும்பச் செய்தபோது விளையாட்டில் அல்ல, பாடம் போல் கேட்டபோதுதான் பிள்ளைகள் கூட ஞாபகம் வைத்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி.

ரீச்சர், நீங்கள் சொன்ன கொண்டக்டர் கதை உண்மையாகவே எனக்குப் பிடித்தது. ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். முதலாம் ஆண்டு, பிறகு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்று ஓட்டம் தொடங்கிவிடும். வசதியுள்ளவர்கள் ரியூசனுக்கு அனுப்புவார்கள். என்னால் முடியாது. முன்பள்ளியில் பென்சில் பிடிக்கப் பழகாவிட்டால் என் மகன் வேறெங்கே பழகுவான்?

முன்பள்ளி ரீச்சர்:
நியாயமான கவலை. அந்த மூலையிலேயே தாளும் பென்சிலும் வைத்துவிடுங்கள். கடைக்குப் பில் வேண்டும், பஸ்ஸுக்கு ரிக்கற் வேண்டும், டொக்டர் மருந்து எழுதவேண்டும். முதலில் கிறுக்குவார்கள், அப்புறம் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கேட்பார்கள். கேட்கிற அன்று சொல்லிக் கொடுத்தால் போதும். நான் இப்படித்தான் செய்கிறேன்.

கொட்டாஞ்சேனை அப்பா:
உங்கள் வகுப்பில் நீங்கள் இருக்கிறீர்கள். எங்கள் முன்பள்ளியில் இருபது பிள்ளைக்கு ஒரு ரீச்சர். கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும், கேட்காத பிள்ளை கிறுக்கலோடு நின்றுவிடும். என் மகன் கேட்க மாட்டான், கூச்சக்காரன்.

வெள்ளவத்தை அம்மா:
என் மகளும் அப்படித்தான். ஆனால் டொக்டர் வேடம் போட்டால் கூச்சம் இல்லாமல் எல்லாரையும் அதட்டுவாள். அடுத்த கூட்டத்தில், அந்த ஒரு மணித்தியால விளையாட்டை அப்படியே வைத்திருக்கச் சொல்லியும், தாள் பென்சில் வைக்கச் சொல்லியும், காலையில் உதவிக்கு ஒரு பெற்றோர் முறைபோட்டு வரவும் கேட்கப்போகிறேன். முதல் வாரம் நான் வருவேன். நீங்களும் வந்து பேசுங்கள், அண்ணா.

கொட்டாஞ்சேனை அப்பா:
முறைக்கு நானும் வருகிறேன். ஆனால் எழுத்துக்குத் தனியாக அரை மணித்தியாலம் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்பேன். அதை விடமாட்டேன்.