பால்கனி பார்ட்டிக்கு மலிவு மேக்கப், வீட்டு காக்டெய்ல்: கோலாலம்பூர் (கேஎல்) புழுக்கத்துக்கு எது நிக்கும்?

கேள்வி: தாமான்_மல்லி

அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மாசக் கடைசியில ஒரு தோழிக்குக் கல்யாணத்துக்கு முந்தின பார்ட்டி. ஆறு பொண்ணுங்க, எல்லாருக்கும் 23, 24 வயசு. செராஸ்ல ஒரு கொண்டோ. மாலை 5 மணிக்குப் பால்கனியில ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் போகும்.

மேக்கப்புக்கு 100 ரிங்கிட்தான் ஒதுக்க முடியும். கருப்பு நிறம், எண்ணெய் வடியுற முகம். கடையில எடுத்துக் குடுக்குற ஃபவுண்டேஷன் போட்டா சாம்பல் பூத்த மாதிரி ஆகுது, ஃபோட்டோல இன்னும் மோசம். லிப்ஸ்டிக் கிளாஸ்ல ஒட்டக்கூடாது. காக்டெய்லுக்கு வீட்ல ஷேக்கர்கூட இல்ல. ஒரே ஒரு பாட்டில் வாங்கி ஆறு பேருக்கும் நல்லபடியா கலந்து குடுக்க முடியுமா? என்ன வாங்கணும், எந்த அளவு, எங்க சொதப்பும்னு சொல்லுங்க.

பதில்: பூச்சுப்பெட்டி

தங்கச்சி, உங்க காசுல பாதிக்கு மேல ஃபவுண்டேஷனுக்கும் சன்ஸ்கிரீனுக்கும் வைங்க. மஸ்காரா, ஐலைனர், லிப் டின்ட் எல்லாம் எவ்வளவு மலிவா வாங்கினாலும் சமாளிச்சுடலாம். சில்கிகேர்ள் நம்ம மலேசிய பிராண்டுதான், அதுல இந்த மூணும் கிடைக்கும்.

சாம்பல் பூக்குறது பெரும்பாலும் அண்டர்டோன் தப்பா இருக்கறதால. நம்மில் நிறைய பேருக்கு சருமத்துக்கு அடியில மஞ்சளோ பொன்னிறமோ இருக்கும், அது மேல பிங்க் சாயல் பூச்சு போட்டா நிறம் செத்துடும். அதனால "இன்னும் கொஞ்சம் டார்க்கா குடுங்க"ன்னு கேட்டு வாங்குறது பாதித் தீர்வுதான். வார்ம், கோல்டன்னு கேளுங்க. மேபிலின் ஃபிட் மீ வரிசையில 330 டாஃபி, 355 கோகனட் மாதிரி ஆழமான நிறங்கள் உண்டு. எல்லாக் கிளையிலயும் அடுக்கி வைக்கமாட்டாங்க, ரெண்டு மூணு வாட்சன்ஸ், கார்டியன் கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும். டெஸ்டரைக் கையில தடவிப் பார்க்காதீங்க. தாடையில ஒரு கோடு இழுத்து, மால் வாசலுக்கு வந்து வெளிச்சத்துல பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க, ஏன்னா முகத்து எண்ணெயோட சேர்ந்ததும் சில ஃபவுண்டேஷன் ஒரு படி கருக்கும். கடை லைட்டை நம்பி வாங்கினதுதான் நிறைய பேர் டிராயர்ல சும்மா கிடக்குது.

ஃபோட்டோல முகம் வெள்ளையடிக்கிறதுக்கு சன்ஸ்கிரீனும் பவுடரும் காரணம். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு அதிகமா உள்ள சன்ஸ்கிரீன் கருப்புச் சருமத்துல வெளுத்துத் தெரியும், ஃபிளாஷ் பட்டா பளிச்சுனு திருப்பி அடிக்கும். ஸ்கின் அக்வா, பயோரே மாதிரி ஜெல் வகையில தேடுங்க. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போட்டுட்டு 15 நிமிஷம் விடணும். அதுக்குள்ள ஃபவுண்டேஷனைத் தேய்ச்சா அழுக்கு உருட்டுற மாதிரி திரிதிரியா வரும். தேய்க்காம, ஈர ஸ்பஞ்சால ஒத்தி ஒத்தி வைங்க. அப்புறம் "டிரான்ஸ்லூசென்ட்"னு விக்கிற வெள்ளை சிலிக்கா பவுடர் வேணாம், உங்க நிறத்துக்கு ஏத்த காம்பாக்ட் பவுடர் எடுங்க. போட்டு முடிச்சதும் இருட்டு ரூம்ல ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்தா குறை அங்கேயே தெரிஞ்சுடும்.

எண்ணெய் வழிஞ்சா உடனே பவுடர் அப்புறது பெரிய தப்பு, திட்டுத் திட்டா நிக்கும். முதல்ல டிஷ்யூவை ரெண்டாப் பிரிச்சு, ஒத்தை அடுக்கால நெத்தி, மூக்கு, தாடையில ஒத்தி எடுங்க. அப்புறம் பவுடரை அமுக்கி வைங்க. கன்னத்தைத் தொடவே வேணாம், லேசா மினுங்கினாத்தான் முகத்துல உயிர் இருக்கும்.

கண்ணுக்குக் கீழ கருவளையத்துக்கு ஆரஞ்சு லிப்ஸ்டிக் தடவச் சொல்லி வீடியோ நிறைய சுத்துது. கேட்காதீங்க, லிப்ஸ்டிக்ல மெழுகு அதிகம், ரெண்டு மணி நேரத்துல மடிப்புல போய்ச் சேரும். ஆரஞ்சு கரெக்டர்னு தனியா மலிவாவே வருது, அரிசி அளவு போதும்.

லிப்ஸ்டிக் விஷயம்: குடிக்கிற அன்னைக்குப் பளபளப்பான குச்சி லிப்ஸ்டிக்கை விட்டுடுங்க. லிப் பாம் தடவி பத்து நிமிஷம் கழிச்சு முழுசாத் துடைச்சுட்டு, லிப் டின்ட் ஒரு சுத்து, காயட்டும், இன்னொரு சுத்து. அதுக்கு மேல டிஷ்யூவை வெச்சு டிஷ்யூ வழியாப் பவுடர் தட்டணும். சாராயத்தைவிட எண்ணெய்தான் இதைக் கரைக்கும், அதனால சத்தே, வறுத்த கோழி சாப்பிட்டா உதட்டு நடுவுல போயிடும். அங்க மட்டும் விரலால டின்ட் ஒத்திக்கலாம். பழச்சாறு காக்டெய்லுக்கு ஸ்ட்ரா வெச்சுக்கிட்டா இன்னும் நிம்மதி.

கண்மை பென்சிலா வாங்குங்க. கீழ் இமையில வழியாம இருக்க, அது மேல அடர் பழுப்பு ஐஷேடோ கொஞ்சம் அமுக்கினாப் போதும். டப்பியில பேர், முகவரி எதுவும் இல்லாம விக்கிற சுர்மா பக்கம் போகாதீங்க, ஈயம் கலந்த வகை இருக்கு.

பதில்: கண்ணாடிக்குடுவை

ஒரு பாட்டில்தான்னா ஜின் வாங்கலாம். இங்க கிடைக்கிற பழம், பூ எல்லாத்தோடயும் அது ஒத்துப்போகும். கணக்கு இதுதான்: ஆளுக்கு ரெண்டு கிளாஸ், கிளாஸுக்கு 30 மில்லி. ஆறு பேருக்கு 360 மில்லி, அதாவது 700 மில்லி பாட்டில்ல பாதி. முழு பாட்டிலையும் காலி பண்ணியாகணும்னு இல்லை.

பணத்தை மிச்சம் பிடிக்கிறோம்னு ஐஸ்ல கை வைக்காதீங்க. ஆளுக்கு அரை கிலோ, மொத்தம் 3 கிலோ டியூப் ஐஸ் வேணும். கிளாஸ் நிறைய ஐஸ் போட்டாத்தான் மெதுவா உருகும். நாலு துண்டு மட்டும் போட்டா அஞ்சு நிமிஷத்துல உருகிப் பானம் தண்ணியாயிடும்.

முதல் பானம் அசாம் போய் (உப்புல காயவெச்ச பிளம்), லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை). கிளாஸுக்கு ஒரு அசாம் போய் எடுத்து, ரெண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணியில 15 நிமிஷம் ஊறவைங்க. கிளாஸுக்கு ஜின் 30 மில்லி, லீமாவ் கஸ்தூரிச் சாறு 20 மில்லி, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு 15 மில்லி, ஊறின தண்ணியும் பழமும். ஐஸோட குலுக்கி, கிளாஸ்ல ஊத்தி, கடைசியா சோடா 90 மில்லி. ஒரு பழத்துல ஏறக்குறைய 5 மில்லிதான் சாறு வரும், அதனால கிளாஸுக்கு நாலு பழம், 12 கிளாஸுக்கு 50 பழம் வாங்கிடுங்க. பிழியும்போது விதை நசுங்கினா கசப்பு இறங்கும், டீ வடிகட்டியில வடிகட்டுங்க. சாறு அன்னைக்கு மத்தியானமே பிழிஞ்சது போதும், முந்தின நாள் பிழிஞ்சு வெச்சா வாசனை போயிடும்.

பாகுக்கு 100 கிராம் குலா மலாக்கா, 100 மில்லி தண்ணி, கரையுற வரைக்கும் சிறு தீ. பொங்கிக் கொதிக்க விட்டா கெட்டியாகி, ஐஸ் பட்டதும் அடியில உறைஞ்சு நிக்கும். ரெண்டு பங்கா செஞ்சா உங்க 12 கிளாஸுக்குத் தாராளம். ஷேக்கர் இல்லைன்னா ஊறுகாய் போட்ட அகலவாய்க் கண்ணாடிப் போத்தல் போதும், மூடி இறுக்கமா இருக்கணும், ஊறுகாய் வாசனை துளியும் இருக்கக்கூடாது. பத்துப் பன்னிரண்டு வினாடி பலமாக் குலுக்குங்க, போத்தல் வெளிப்புறம் பனி பூத்து கை வலிக்கிற அளவு குளிர்ந்தா சரி. சோடாவை மட்டும் எக்காரணம் கொண்டும் குலுக்காதீங்க.

ரெண்டாவது, கண்ணுக்கு அழகா ஒண்ணு. 200 மில்லி ஜின்ல காய்ஞ்ச சங்குப்பூ பத்து, ஒரு மணி நேரம். மை மாதிரி நீலம் இறங்கும். அதுக்கு மேல ஊறினா பச்சைப் புல் வாசனை ஏறும், பூவை எடுத்துடுங்க. கிளாஸ்ல ஐஸ், சாறு 15 மில்லி, பாகு 10 மில்லி, டானிக் வாட்டர் (கசப்பு சோடா) 100 மில்லி ஊத்தி, நீல ஜின்னை ஒரு கரண்டியோட முதுகுல விட்டு மெதுவா மேல இறக்குங்க. புளிப்பு படற இடத்துல நீலம் ஊதாவா மாறி இழை இழையாக் கீழ ஓடும். இதுக்கு மட்டும் வெள்ளைச் சீனிப் பாகு. குலா மலாக்கா போட்டா சேத்துத் தண்ணி நிறம் ஆயிடும்.

குடிக்காத தோழிக்கும், வண்டி ஓட்டுறவங்களுக்கும் இதையே ஜின் இல்லாம செய்யலாம், தனிப் போத்தல் வெச்சுக்கோங்க. டானிக்கோட கசப்பு இருக்கறதால அது வெறும் ஜூஸ் மாதிரி இருக்காது. பினாங்குப் பக்கம் யாராவது வந்தா ஜாதிக்காய்ச் சாறு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, அதுக்கு லீமாவும் சோடாவும் மட்டும் சேர்த்தாலே தனி ருசி.

கேஎல்ல பிறந்த ஜங்கிள் பேர்ட் காக்டெய்ல் பத்தியும் சொல்லணும். 1970கள்ல கோலாலம்பூர் ஹில்டன்ல, ஏவியரி பார்ல, ஜெஃப்ரி ஓங் உருவாக்கினது. டார்க் ரம் 45, கம்பாரி (கசப்பான சிவப்பு மது) 22, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சை 15, பாகு 15. எல்லாம் மில்லி. பழைய செய்முறையில அன்னாசி 120 வரைக்கும் போகும், இப்போ குறைச்சுட்டாங்க. பெட்டிச் சாறு போட்டா நுரை நிக்காது, புதுசா அரைச்சு வடிகட்டினாத்தான் மேல வெண்ணுரை கட்டும். ஆனா இதுக்கு ரெண்டு பாட்டில் வேணும், உங்க பட்ஜெட்டுக்கு வீட்ல வேணாம். நல்ல பார்ல ஒருநாள் கேட்டுக் குடிச்சுப் பாருங்க.

பதில்: மருந்துமேசை_பினாங்கு

ரெண்டு பேரும் விவரமாச் சொல்லிட்டாங்க. நான் எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன்.

50 பழம் பிழியறது பால்கனி வெயில்ல நடக்கக்கூடாது. எலுமிச்சை வகைகளில், முக்கியமாத் தோலில், ஃபுரானோகூமரின் என்கிற பொருள் இருக்கு. அது சருமத்தில் பட்டு, மேல வெயிலின் யுவிஏ கதிர் பட்டா தீக்காயம் மாதிரி ஆகும். அன்னைக்கே தெரியாது. பொதுவா ஒரு நாள் கழிச்சுச் சிவந்து, ரெண்டு மூணு நாளில் கொப்புளிக்கும். ஆறின பிறகு சாறு வழிஞ்ச வடிவத்திலேயே கருந்தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிக்கும். கருப்பான சருமத்தில் இன்னும் அழுத்தமா விழும். சமையலறையில் பிழிஞ்சு, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வெளியே வாங்க. வெட் டிஷ்யூ போதாது. கிளாஸ் விளிம்பில் பழத்தோலைத் தேய்ச்சா அந்தச் சாறு உதட்டோரத்தில் ஒட்டும், 7 மணிக்கு மேல வெயில் தாழ்ந்ததும் அதைச் செய்யுங்க.

பார்ட்டிக்குள் முகம் வெளுக்கணும்னு ஆன்லைனில் சின்ன டப்பி க்ரீம் வாங்குற பழக்கம் இந்த வயதில் நிறைய இருக்கு. தயவுசெய்து வேண்டாம். அந்த மாதிரி சில க்ரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோனைக் கண்டபடி பூசினா முதலில் வெளுத்து, அப்புறம் கருநீலமாத் தடிக்கும். இங்கே விற்கிற எந்த அழகுப் பொருளுக்கும் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கி 'கே' என்று முடியும் அறிவிப்பு எண் இருக்கணும். அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்க, வருகிற பேரும் டப்பியில் உள்ள பேரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஏன்னா எண்ணையும் திருடி ஒட்டுறாங்க. கையில் உள்ள நிறத்தை அழகாக் காட்டத்தான் பூச்சுப்பெட்டி அக்கா அவ்வளவு எழுதியிருக்காங்க.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுறவங்க ஆறு பேரில் இருந்தா அவங்களுக்கு மது வேண்டாம், கல்லீரலுக்கும் கொழுப்பு அளவுக்கும் சுமை. மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை எடுக்கிறவங்களுக்கும் மது வேண்டாம்.

பாட்டிலை உரிமம் உள்ள கடையிலேயே வாங்குங்க, சுங்கத்துறை முத்திரை ஒட்டியிருக்கான்னு பாருங்க. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் என்கிற விஷச் சாராயம் கலந்த மலிவு மதுவால் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க. நிறத்திலும் வாசனையிலும் அது காட்டிக் கொடுக்காது. கண் மங்கினா, மூச்சு வாங்கினா தூங்க விடாம நேரா மருத்துவமனைக்குக் கொண்டு போகணும்.

தாமான்_மல்லி

ரொம்ப நன்றி அக்கா. எலுமிச்சை விஷயம் சுத்தமாத் தெரியாது. 10 மணிக்கு மேல பாருக்குப் போகலாம்னு ரெண்டு பேர் சொல்றாங்க. அங்க காசு எப்படி வரும்? வீட்ல ரெண்டு குடிச்சுட்டு அங்க எவ்வளவு தாங்கும்?

பதில்: கண்ணாடிக்குடுவை

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ரெண்டு பிளஸ் குறி இருந்தா, சர்வீஸ் சார்ஜ் 10 விழுக்காடு, வரி 6 விழுக்காடு. 40 ரிங்கிட் பானம் பில்லில் 46.40 ஆகும். லேடீஸ் நைட் இலவசப் பானத்தில் பெரும்பாலும் சிரப்பும் சோடாவும்தான் அதிகம், எந்த மது, எவ்வளவுன்னு கவுண்டரில் கேட்கலாம். ஐசி (அடையாள அட்டை) எடுத்துட்டுப் போங்க, 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழ விற்கக்கூடாது.

அளவுக்கு ஒரு கணக்கு: மில்லியை மது விழுக்காட்டால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79 ஆல் பெருக்கினா கிராம். நீங்க வீட்டில் கலக்குற கிளாஸில் ஏறக்குறைய 9.5 கிராம். ஜங்கிள் பேர்டில் 18 கிராமுக்கு மேல. லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீயில் அஞ்சு மது, 15 மில்லி வீதம், 24 கிராம் பக்கம் வரும், டீ மாதிரி இனிப்பாப் போகும் என்பதால்தான் அது ஆளைச் சாய்க்குது. உடம்பு பொதுவா மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும், பெண்களின் உடம்பில் நீர் விகிதம் குறைவு என்பதால் அதே அளவு சீக்கிரம் ஏறும். வீட்டில் ரெண்டு போட்டவங்க பாரில் ஒண்ணோட நிறுத்தி, நடுநடுவே ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கணும். காரைக் கொண்டோவிலேயே விட்டுட்டு கிராப் டாக்சி போடுங்க, 2020 அக்டோபரில் இருந்து வண்டி ஓட்டுறவங்களுக்கு மது வரம்பு 100 மில்லி மூச்சுக்கு 22 மைக்ரோகிராம், ரத்தத்துக்கு 50 மில்லிகிராம்.

பதில்: பூச்சுப்பெட்டி

கிளம்புறதுக்கு முன்னாடியே மேக்கப் கலைக்கிற மைசெல்லர் வாட்டரும் பஞ்சும் தலையணைப் பக்கத்துல எடுத்து வைங்க. அசதியில பாத்ரூம் வரைக்கும் போகமாட்டீங்க. பஞ்சை நனைச்சு கண் மேல 20 வினாடி சும்மா வெச்சிருந்து கீழ்நோக்கி இழுங்க, தேய்ச்சா இமை முடி உதிரும். கான்டாக்ட் லென்ஸ் போட்டவங்க, கையை சோப்பால கழுவிட்டு லென்ஸைக் கழட்டின பிறகுதான் இதெல்லாம். எலுமிச்சை பட்ட கையோட லென்ஸைத் தொட்டா கண்ணெரிச்சல் உயிர் போகும்.