கதவு திறந்தால் சுவிட்ச் மூடுமா? ‘ஓப்பன் சர்க்யூட்’டுக்கு ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். சுவரில் பதிக்கும் மின்சார ஓவன் ஒன்றின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, விளக்கு சுவிட்சில் வந்து மாட்டிக்கொண்டேன். ஓவன் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிய வேண்டும். மின்சாரத்தில் ‘குளோஸ்’ என்றால் முனைகள் சேர்ந்து கரண்ட் ஓடுவது, ‘ஓப்பன்’ என்றால் பாதை விட்டுப்போய்க் கரண்ட் நிற்பது. அப்படியென்றால் கதவு ஓப்பன் ஆகும்போது சுவிட்ச் குளோஸ் ஆகிறது. நான் எழுதி வைத்திருப்பது: “கதவு திறந்திருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்க வேண்டும். கதவை மூடிய பிறகும் சுவிட்ச் திறக்காவிட்டால் அதை மாற்றவும்.” படித்துப் பார்த்த தங்கை, “அண்ணா, இப்போ கதவைத் திறக்கணுமா, மூடணுமா?” என்கிறாள். உதவுங்கள்.

பள்ளி ஆசிரியர்:

பாடநூலில் திறந்த மின்சுற்று, மூடிய மின்சுற்று என்றே இருக்கிறது. பிள்ளைகள் படித்துப் பழகிய சொல். அதைத் தொட வேண்டாம்.

பழுதுபார்ப்பவர்:

> பிள்ளைகள் படித்துப் பழகிய சொல்

தேர்வு எழுதும் வரைக்கும் சரி, ஐயா. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மதகைத் திறந்தாலும் வரும். தமிழில் திறப்பது என்றால் வழிவிடுவது. சுற்றைத் திறந்தால் மட்டும் கரண்ட் நின்றுவிடும் என்று புதிதாக வருகிற பையனுக்கு எப்படித் தோன்றும்? சூடாக்கும் கம்பிச்சுருளில் கரண்ட் போக வழி விட்டுப்போனால், பட்டறையில் நாங்கள் ‘காயில் ஓப்பன்’, ‘கண்டினியூட்டி இல்லை’ என்போம். அதையே போட்டுவிட்டுப் போங்களேன்.

தமிழ்ப் புலவர்:

ஓப்பனாம், காயிலாம்! ‘அறு’ என்ற வேர் இருக்க ஏன் கடன்? அறுசுற்று என்க. அற்ற சுற்று, அறுகின்ற சுற்று, அறும் சுற்று என முக்காலமும் தாங்கும் வினைத்தொகை. மூதுரையில் அறுநீர்ப் பறவை வருகிறதே, நீர் அற்றதும் குளத்தை விட்டுப் போகிற பறவை. மின்சாரமும் அவ்வாறே. எதிர்ச்சொல் உறுசுற்று. எதுகையும் தானே வந்து அமைந்துவிட்டது.

இலக்கணம் கற்பிப்பவர்:

எதுகை அழகுதான். ஆனால் அறுசுவை, அறுபடை, அறுகோணம் என்று பழகிய கண்ணுக்கு அறுசுற்று என்பது ஆறு சுற்றுதான். ஓவன் காயிலோ கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியது. ஒருவன் உட்கார்ந்து எண்ணியே பார்ப்பான்! சந்தியும் கைகொடுக்காது. வினைத்தொகையிலும் வல்லினம் மிகாது, அறுசுவையிலும் மிகவில்லை. உறுசுற்றில் இன்னொரு சிக்கல். உறு என்பது மிகுதியைக் காட்டும் உரிச்சொல்லும்கூட. உறுபசி என்றால் மிகுந்த பசி. உறுசுற்று என்றால் மிகுந்த சுற்றா?

தமிழ்ப் புலவர்:

பொருள் இடம் நோக்கிக் கொள்ளப்படும். அறுநீரை ஆறு நீர் என்று எண்ணியவர் உண்டா? இனித் திற என்பதைப் பார்ப்போம். திறம், திறன், திறவு யாவும் ஓரினம் என்பது என் கருத்து. ஆற்றல் வெளிப்படுவதே திறத்தல். ஆகவே மின்சாரம் நிற்பதைத் திறப்பு என்பது வேர்ப்பொருளுக்கே முரண்.

ஈழத்து வாசகர்:

எங்கட வழக்கில் திறப்பு என்றால் சாவி, ஐயா. வேருக்குள்ளே போனால் வெளியே வரமாட்டோம். இன்னொன்று: ஷார்ட்டை நீங்கள் குறுக்குச் சுற்று என்கிறீர்கள், நாங்கள் குறுஞ்சுற்று என்கிறோம். குறுமையும் குறுக்கும் ஒன்றா?

இலக்கணம் கற்பிப்பவர்:

மின்சாரம் குறுக்குவழியில் போவதால் குறுக்குச் சுற்று என்றும் சொல்லலாமே. ஆனால் இதற்குத் தனி இழை தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும்.

பழுதுபார்ப்பவர்:

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஓப்பன் ஒரே சொல், வேலையில் அது இரண்டு. 240 வோல்ட்டில் 2,400 வாட் இழுக்கும் காயில் என்றால் மீட்டரில் சுமார் 24 ஓம் காட்ட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, காயிலின் ஒரு கம்பியையாவது கழற்றிய பிறகுதான் அளக்கணும். இல்லையென்றால் வேறு பாதை வழியாகச் சுற்றி வந்து மீட்டர் பொய் சொல்லும். 24 ஓமும் இல்லை, எந்த எண்ணுமே இல்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதான். சுவிட்ச் அப்படியா? முனைகள் பிரியும், சேரும். பிரிவதே அதன் வேலை, பழுதில்லை. அதனால் காயிலுக்கு ‘அறுந்தது’, சுவிட்சுக்கு ‘பிரிந்தது’, ‘சேர்ந்தது’. புதுச் சொல்லே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி. “கதவு திறந்திருக்கும்போது சுவிட்ச் முனைகள் சேர்ந்திருக்க வேண்டும், மூடினால் பிரிய வேண்டும்.” தங்கைக்கு ஒரே வாசிப்பில் புரிந்துவிட்டது. பின்புறம் இருக்கும் வெப்பக் காப்பு, அதாவது சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் பாகம், அது மட்டும் இடிக்கிறது. ஒருமுறை போனால் போனதுதான் என்ற வகைக்கு ‘அறுந்தது’ என்று போட்டேன். பொத்தானை அழுத்தினால் மீளும் வகைக்கு ‘பிரிந்தது’.

தமிழ்ப் புலவர்:

ஒரு கலைச்சொல்லுக்கு ஒரு சொல் என்பதே முறை. ஒன்றை இரண்டாக்கினால் நாளை அகராதி எப்படி எழுதுவது?

பழுதுபார்ப்பவர்:

அகராதியை அப்புறம் பார்க்கலாம், ஐயா. ஓவன் இன்றைக்குச் சூடாகணும்.

பள்ளி ஆசிரியர்:

எனக்கு ஒன்று விளங்கவில்லை. காயில் முனைக்கும் ஓவனின் உலோக உடலுக்கும் இடையே அளந்தால் ஓப்பன்தானே காட்ட வேண்டும்? ஏதாவது எண் வந்தால் மின்கசிவு. அந்த இடத்தில் என்ன எழுதுவீர்கள்? அறுந்ததும் இல்லை, பிரிந்ததும் இல்லை. அவை என்றைக்குமே சேர்ந்திருக்கவில்லை. மூன்றுக்கும் பொதுவாக நிற்பது ‘திறந்த’ மட்டும்தான்.

மொழிபெயர்ப்பாளர்:

நியாயமான கேள்வி. மணி இரவு பதினொன்று. அந்த இடத்தில் “இணைப்பு காட்டக் கூடாது” என்று எழுதிவிட்டேன். வெப்ப உணரிக்கு எண்ணையே கொடுத்துவிட்டேன்: அறை வெப்பத்தில் சுமார் 1,100 ஓம். அங்கே சொல்லுக்கு வேலையில்லை. இப்போதைக்கு மூன்று பேர் ‘பிரிந்த, சேர்ந்த’ பக்கம், ஆசிரியர் ஐயா ‘திறந்த’ பக்கம், புலவர் ஐயா தனியாக. கோப்பை அனுப்புகிறேன்.

தமிழ்ப் புலவர்:

அனுப்புங்கள். பின்னிணைப்பில் ஒரு மூலையிலாவது அறுசுற்று இருக்கட்டும்.