7 மாதத்தில் 9.6 கிலோ, இது அதிகமா?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்):
பையன் பிறக்கும்போது 2.6 கிலோ. இப்போது 7 மாதம், 9.6 கிலோ. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு பகலில் பவுடர் பால்தான். அத்தை அதில் சர்க்கரை போடுகிறார், பிஸ்கட்டும் கரைத்து ஊட்டுகிறார். "கொழுகொழுன்னு இருக்கான்" என்று தெருவே கொஞ்சுகிறது. தடுப்பூசி போடப் போனபோது டாக்டர், எடை வேகமாக ஏறுகிறது என்றார். பாலில் தண்ணீர் கூடுதலாகக் கலக்கலாமா?

பதில் (ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர், ஏற்காடு):
வேண்டாம் கண்ணு, தண்ணீர் மட்டும் கூட்டாதே. டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் சரி. நீர்த்துப்போன பால் குழந்தைக்கு ஆபத்து.

மலைக் கிராமங்களில் தராசைத் தொங்கவிட்டு எடை பார்க்கும்போது, அன்றைய எடையோடு நிறுத்த மாட்டோம். மாதாமாதம் எடையைக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் கோடு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அட்டவணைப்படி 7 மாத ஆண் குழந்தையின் நடு எடை 8.3 கிலோ. 9.6 வரம்புக்குள்தான். ஆனால் நடுக்கோட்டுக்கு நன்றாகக் கீழே பிறந்தவன் இப்போது அதற்கு மேலே போய்விட்டான். எடை குறைவாகப் பிறந்த பிள்ளை கொஞ்சம் எட்டிப்பிடிப்பது நல்லதுதான். ஆனால் முதல் இரண்டு வருடத்தில் இப்படிக் கோடு தாண்டி வேகமாக ஏறும் குழந்தைகளுக்குப் பின்னால் உடல் பருமன் வரும் வாய்ப்பு கூடுதல். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. அடுத்த முறை நீளத்தையும் அளக்கச் சொல், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

சர்க்கரையையும் பிஸ்கட்டையும் இன்றே நிறுத்து. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். அவன் தலையைத் திருப்பினால் வயிறு நிறைந்துவிட்டது. பாட்டிலில் மீதியிருக்கிறதே என்று திணிக்காதீர்கள், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலையும் இரவும் தாய்ப்பாலை விடாதே. ராகிக் கூழ், குழைந்த பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம் போதும்.

பதில் (அஸ்தம்பட்டி):
என் மாமியாரும் இப்படித்தான். டாக்டரிடம் அவரையே கூட்டிப் போனேன். டாக்டர் வாயால் கேட்டபிறகு வீட்டில் சண்டையே இல்லை.

கேட்டவர்:
சரிங்க அக்கா, அத்தையையும் கூட்டிப் போகிறேன். செவிலியர் அம்மா, பருப்பு சாதத்தில் நெய்யையும் நிறுத்தணுமா?

செவிலியர்:
நிறுத்தாதே. இந்த வயதில் மூளை வளரக் கொழுப்பு வேண்டும். ஒரு டீஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து கொடு.