டிரம்ஸ் தெரிஞ்சா கிட்டார் ஈஸியா வருமா?

கேள்வி: கொஞ்ச நாளா டிரம்ஸ் வாசிக்கறேன், இப்ப கிட்டாரும் ஆரம்பிச்சிருக்கேன், கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டு) பிடிக்கறது பரவால்ல ஆனா ஸ்ட்ரம்மிங் (கம்பிகள கையால மேலயும் கீழயும் வருடி வாசிக்கறது) திக்கித் திக்கிப் போகுது. டிரம்ஸ் பழக்கம் எதுக்காச்சும் உதவுமா?

பதில் 1: நல்லாவே உதவும். ஹை-ஹேட் (டிரம்ஸ்ல இருக்கற ஜோடித் தட்டு) அடிக்கற மாதிரியே ஸ்ட்ரம் பண்ற கைய நிறுத்தாம ஆட்டிட்டே இருங்க, தாளத்த 1 அண்டு 2 அண்டுன்னு எண்ணினா 1 2 3 4 எல்லாம் கீழ, நடுவுல வர்ற "அண்டு" எல்லாம் மேல, சத்தம் வேண்டாத இடத்துல கம்பிய தொடாம கை மட்டும் போகணும், கார்டு மாத்த லேட்டானாலும் கை நிக்கவே கூடாது. ஸ்னேர் (சடசடன்னு சத்தம் வர்ற டிரம்) விழற 2, 4ல கம்பி ஒலிக்காம அமுக்கி சக்குன்னு அடிங்க, க்ரூவ் (தலையாட்ட வைக்கற தாள ஓட்டம்) தானா வரும்.

பதில் 2: ரிதம் ஓகே ப்ரோ, ஆனா கார்டு பிடிக்கற கைக்கு டிரம்ஸால ஒண்ணும் ஆகாது, விரல் நுனி காய்ச்சுப் போறவரை வலிக்கத்தான் செய்யும் :)