வடக்கு ஜன்னல் படுக்கையறை: சந்தன நிறமா, பிஸ்தா பச்சையா?

திண்ணைவாசி:
நாகர்கோவிலில் பழைய வீடு. படுக்கையறை 10-க்கு 12 அடி. ஒரே ஜன்னல், அதுவும் வடக்கே. தரை சிவப்பு ஆக்சைடு. பட்டி பார்த்து பிரைமரும் அடித்தாயிற்று. எனக்குச் சந்தன நிறம், மனைவிக்குப் பிஸ்தா பச்சை. திங்கட்கிழமை பெயின்டர் வருகிறார்.

தூரிகை:
சந்தனமே. வடக்கு ஜன்னலில் வெயில் விழாது. நீலச் சாயல் கொண்ட வான வெளிச்சம்தான் வரும். அதில் பச்சை வெளிறி, அறை ஆஸ்பத்திரி வார்டாகிவிடும். சந்தனத்திலுள்ள மஞ்சள் அந்தக் குளிர்ச்சியை ஈடுகட்டும்.

குமரித்தென்றல்:
அது லண்டன்காரர்களுக்கு எழுதிய பாடம், ஐயா. நாகர்கோவில் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அதைவிட, தரையைக் கவனித்தீர்களா? சிவப்பு ஆக்சைடில் பட்ட வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியில் தெறிக்கும். சந்தனம் அங்கே செம்மையேறி அழுக்காகத் தெரியும். பச்சை அந்தச் செம்மையைத் தணித்துவிடும்.

தூரிகை:
ஜூன் மாதத்தில்கூட நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 15 டிகிரிதான் சாய்கிறது. இரண்டடி சன்ஷேட் இருந்தால் அந்த வெயில் உள்ளே வராது. மேலும், பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். தூங்கும் அறையில் தரை கண்ணைப் பறிக்க வேண்டுமா?

குமரித்தென்றல்:
பறிக்கட்டுமே! அப்படி மெருகேற்றித் தரை போட இன்று ஆள் கிடைப்பதே அரிது. அந்த மாதங்களில் காலை வெயில் கிழக்கிலிருந்து சற்று வடக்காகவும் மாலை வெயில் மேற்கிலிருந்து சற்று வடக்காகவும் தாழ்வாகச் சாய்ந்து வரும். அதற்குச் சன்ஷேட் என்ன செய்யும்?

ஏணிப்படி:
இருவரும் பகலையே பேசுகிறீர்கள். படுக்கையறையைப் பார்ப்பது பெரும்பாலும் இரவில். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் பச்சை தெளிவாக நிற்கும், சந்தனம் களையிழக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் பச்சை மங்கும். இன்னொன்று: நான்கு சுவர்களும் தம் நிறத்தை ஒன்றின்மேல் ஒன்று எறிவதால், ஷேடு கார்டில் கண்டதைவிட அறையில் நிறம் அடர்ந்து தெரியும். எதை எடுத்தாலும் ஒரு படி வெளிராக எடுங்கள்.

திண்ணைவாசி:
சன்ஷேட் இரண்டடி உண்டு. விளக்கு 6500.

தூரிகை:
விளக்குக்காகச் சுவரின் நிறத்தை முடிவு செய்வதா? சில நூறு ரூபாயில் விளக்கை மாற்றிவிட்டுச் சந்தனமே அடியுங்கள்.

குமரித்தென்றல்:
விளக்கை மாற்றலாம், தரையை மாற்ற முடியாதே. வெளிர் பிஸ்தா, மேட் ஃபினிஷ். பழைய சுவரின் மேடுபள்ளமும் அதில் அவ்வளவாகத் தெரியாது.