போருக்கு முந்தைய பி.எஸ்.ஏ. அண்டர்லீவர் ஏர் ரைஃபிள், .177: எந்த பெல்லட் ஒரே இடத்தில் விழும்?

முலுண்ட் கிழக்கு எழுதியது:

வணக்கம். இரண்டாம் உலகப் போருக்கு முன் பர்மிங்ஹாமில் செய்த பி.எஸ்.ஏ. அண்டர்லீவர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நம்பர் 1 போர் (bore, பேரலின் உள்துளை அளவு), அதாவது .177 அங்குலம். பேரல் மடங்காது. அடியில் உள்ள லீவரை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றிவிட்டு, மேலே உள்ள டேப்பைத் (tap, பெல்லட் போடத் துளையுள்ள, கைப்பிடியால் திருப்பும் கூம்பு அடைப்பான்) திறந்து பெல்லட்டைப் போட வேண்டிய வகை. பிஸ்டனில் தோல் வாஷர். வெளியே துரு அதிகமில்லை, பேரலுக்குள் ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள்) தெளிவாகத் தெரிகிறது.

10 மீட்டரில் 5 குண்டுகளின் குரூப் (துளைகள் சிதறி விழும் அகலம்) 35 மி.மீ.க்குக் குறைவதில்லை. உள்ளூர் கூர்முனை பெல்லட், 8.44 கிரெய்ன் (பெல்லட்டின் எடை அளவு) ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட், 10 கிரெய்னுக்கு மேற்பட்ட கனமான ஒன்று, மூன்றிலும் இதே கதைதான். புது டப்பாக்கள் வாங்குவதற்கு முன் எங்கிருந்து தொடங்குவது? இப்படிப்பட்ட துப்பாக்கிக்கு நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

டேப் லோடர் எழுதியது:

நல்ல துப்பாக்கி சார். 1904-இல் லிங்கன் ஜெஃப்ரீஸ் காப்புரிமை பெற்ற வடிவமைப்பை வைத்து பி.எஸ்.ஏ. 1905 முதல் தயாரித்த வரிசையில் வந்தது இது. பேரல் உடலோடு நிலையாக இருப்பதால் மடக்கும் துப்பாக்கிகளில் வரும் கீல் ஆட்டம் இதில் கிடையாது. அதற்குப் பதிலாக எல்லாச் சிக்கலும் டேப்பில் வந்து சேரும். அதனால் பெல்லட்டுக்கு முன்னால் டேப்பைப் பாருங்கள்.

மடக்கும் துப்பாக்கியில் பெல்லட்டை விரலால் ரைஃப்ளிங்குக்குள் அழுத்திவிடுகிறோம். டேப்பில் அது தளர்வாகத்தான் கிடக்கும். சுட்டதும் பின்னாலிருந்து வரும் காற்று ஸ்கர்ட்டை (பெல்லட்டின் பின்பக்கக் குழிந்த விளிம்பை) விரித்து, பெல்லட்டை டேப்பிலிருந்து பேரலின் வாய்க்குள் தள்ள வேண்டும். ஸ்கர்ட் மெல்லியதாக, மென்மையான ஈயமாக இருந்தால் சட்டென்று விரிந்து காற்றை அடைக்கும். தடித்ததாகவோ கடினமாகவோ இருந்தால் ஓரத்தில் காற்று கசிந்து, ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். ஈயம் கலக்காத உலோகப் பெல்லட்டுகளை இந்த வகைத் துப்பாக்கிக்கு யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் கனமான பெல்லட் ஏன் சரிவரவில்லை என்பதற்கும் விடை இருக்கிறது. அது நகரத் தாமதிப்பதால் முன்னால் அழுத்தம் ஏறி, பிஸ்டன் முழுதும் போய்ச் சேருமுன் பின்னால் துள்ளும். இவ்வளவு பழைய ஸ்பிரிங்குக்கு 7 முதல் 8.5 கிரெய்ன் வரைதான் பொருந்தும். கூர்முனை பெல்லட்டில் முனை நடுவில் அமைவதே அரிது, அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

வாங்குவதானால் முதலில் ஆர்.டபிள்யூ.எஸ். ஹாபி. 7.0 கிரெய்ன், அதாவது 0.45 கிராம். தட்டைத் தலை, குட்டையான உடல், விரியும் ஸ்கர்ட். காகிதத்தில் துளை சுத்தமாக விழுவதால் அளக்கவும் எளிது. அடுத்து அதே நிறுவனத்தின் சூப்பர்டோம், 8.3 கிரெய்ன், மென்மையான ஈயம். மூன்றாவதாக ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் ஆர்.எஸ்., 7.33 கிரெய்ன். இந்த மூன்றிலும் ஒன்றுகூட ஒத்துவரவில்லை என்றால் குறை பெல்லட்டில் இல்லை.

டேப்பில் போடும்போது கவனிக்க வேண்டியவை: தலை முன்னால் போகும்படி போட்டதும் ஸ்கர்ட்டின் விளிம்பு டேப்பின் மேற்பரப்புக்குக் கீழே இருக்க வேண்டும். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் டேப்பைத் திருப்பும்போது ஈயத்தைச் சீவிவிடும். நீளமான பெல்லட்டுகள் இப்படித்தான் கெடுகின்றன. டேப்பை மூடியதும் பேரலின் முனையை லேசாகக் கீழே சாய்த்து, உடலை உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். பெல்லட் முன்னால் நகர்ந்து பேரல் வாயில் முட்டி நிற்கும். முனையை மேலே தூக்கிப் பிடித்தால் அது பின்னால் சரிந்து, சிலிண்டரிலிருந்து காற்று வரும் துளையின் பக்கம் போய்விடும். ஒரு குண்டு முன்னாலிருந்தும் அடுத்தது பின்னாலிருந்தும் கிளம்பினால் குரூப் எப்படி வரும்?

இந்த மாடல்களில் சேஃப்டி கிடையாது. ஸ்பிரிங் ஏறிய நிலையில் துப்பாக்கியைக் கீழே வைக்காதீர்கள். பெல்லட் இல்லாமல் சுடவும் கூடாது. முன்னால் எதிர்ப்பு இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் மோதி தோலையும் ஸ்பிரிங்கையும் உடைக்கும்.

சயான் லெதர் எழுதியது:

டேப் லோடர் அண்ணன் சொன்னதோடு வாஷர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்திருந்தால் எந்தப் பெல்லட்டும் சீராகப் போகாது. ஏ.சி. அறையில் மாதக்கணக்கில் கிடந்த துப்பாக்கிகளில் தோல் சுருங்கி இறுகிப்போயிருக்கும்.

ஸ்பிரிங் ஏறாத நிலையில் டேப்பைக் கழற்றி, காற்றுத் துளை வழியாக 4, 5 சொட்டு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும், தோலுக்கான எண்ணெய்) விட்டு, எண்ணெய் பிஸ்டன் பக்கம் இறங்கும்படி பேரல் மேல்நோக்கி இரவு முழுதும் நிறுத்தி வையுங்கள். குதிரைச் சேணமும் தோல் சாமானும் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஏர் ரைஃபிள் சேம்பருக்கென்று விற்கும் சிலிகான் எண்ணெய். தையல் மிஷின் எண்ணெயோ மோட்டார் எண்ணெயோ கூடவே கூடாது. பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அது தீப்பற்றி வெடிக்கும், டீசல் இஞ்சினில் நடப்பது போல. பேரலிலிருந்து புகை, வழக்கத்தைவிடப் பெரிய சத்தம், காகிதத்தில் ஒரு குண்டு மட்டும் எங்கோ மேலே என்று இருந்தால் அதுதான் காரணம். ஆமணக்கெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும், தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். இரண்டும் வேண்டாம்.

எண்ணெய் விட்ட பிறகு முதல் 20, 30 குண்டுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மிச்ச எண்ணெய் எரிந்து தீரும்வரை வேகம் ஏறி இறங்கும்.

வாஷரே போய்விட்டது என்றால் தாராவி தோல் கடைகளில் மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், 3 முதல் 4 மி.மீ. தடிமனில், துண்டாகக் கேளுங்கள். குரோமில் பதனிட்ட தோல் தொடுவதற்கு மிருதுவாக இருக்கும், ஆனால் கிண்ண வடிவம் நிற்காது. தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சிலிண்டரின் உள்விட்டத்துக்குக் கடைந்த அச்சில் போல்ட் போட்டு இறுக்கி, நிழலில் முழுதும் காயவிட வேண்டும். பிறகு விளிம்பைச் சமமாக வெட்டி, எண்ணெயில் ஊறப்போட வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். மும்பை நாக்தேவி தெருவில் கைப்பம்புக்கான தோல் வாஷர்கள் கிடைக்கும். அளவு ஒத்துவந்தால் வேலை மிச்சம்.

ஸ்பிரிங்கைக் கழற்ற நேர்ந்தால் நீளமான கிளாம்ப் இல்லாமல் தொடவே வேண்டாம். ஏறாத நிலையிலும் அது அழுத்தத்தில்தான் இருக்கிறது. கடைசித் திருகு விட்டதும் முகத்துக்கு நேராகப் பாயும்.

பத்து மீட்டர் எழுதியது:

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். 5 குண்டில் ஒரே ஒரு குரூப் போட்டு முடிவுக்கு வருவது பணத்தை வீணாக்கும். ஒவ்வொரு பெல்லட்டிலும் 5 குண்டுகள் கொண்ட 3 குரூப்பாவது போடுங்கள். வேறு பெல்லட்டுக்கு மாறும்போது முதல் 10, 15 குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேரலில் முந்தைய ஈயமும் பூச்சும் போய்ப் புதியது படிய அவ்வளவு தேவை. குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, அதில் ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான அளவு வரும். 4.5 என்று கண்மூடிக் கழிக்காதீர்கள். காகிதம் சுருங்குவதால் உருண்டைத் தலை பெல்லட்டின் துளை சிறிதாகத் தெரியும். அதே தாளில் தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து கழியுங்கள்.

துப்பாக்கியை மேசையிலோ மணல் மூட்டையிலோ நேரடியாக வைத்துச் சுட்டால் குரூப் விரியும். பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், முட்டி நிற்கும்போது முன்னால் உதைக்கும். பெல்லட் பேரலை விட்டு வெளியே வருமுன்பே இந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். மூட்டைமேல் உங்கள் கையை வையுங்கள், விரித்த உள்ளங்கைமேல் துப்பாக்கியை வையுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். எந்த இடத்தில் தாங்குகிறீர்களோ அங்கே துப்பாக்கியின் மரக்கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாங்குங்கள். தாங்கும் இடம் மாறினாலே குண்டு விழும் இடம் மாறும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பெல்லட் எடைபோட நகைத் தராசு வாங்கச் சொல்பவர்கள் உண்டு. 0.01 கிராம் காட்டும் மலிவுத் தராசு இதற்குப் போதாது; 0.45 கிராமில் அதுவே 2 சதவீதத்துக்கு மேல். அதைவிட ஸ்கர்ட்டைக் கண்ணால் பார்த்து நசுங்கியவற்றை ஒதுக்குவது நூறு மடங்கு பலன் தரும்.

நேராக ஒரு சோதனை: ஒரு பெட்டியில் பழந்துணியை இறுக்கி அடைத்து, பின்னால் கனமான தடுப்பு வைத்து, அதில் சுட்டுப் பெல்லட்டுகளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலையைச் சுற்றியும் ஸ்கர்ட்டைச் சுற்றியும் ரைஃப்ளிங் கோடுகள் சமமாக இருக்க வேண்டும். ஸ்கர்ட்டில் மட்டும் இருந்து தலையில் இல்லையென்றால் தலை சிறிது, பெல்லட் பேரலுக்குள் சாய்ந்து போகிறது. ஒரு பக்கம் மட்டும் நசுங்கியோ சீவியோ இருந்தால் டேப் துளையும் பேரல் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அந்தத் துணியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், ஈயம்.

எதிர்பார்ப்பைக் கேட்டிருந்தீர்கள். தோலும் டேப்பும் நன்றாக இருந்தால் திறந்த சைட்டில் 10 மீட்டரில் 12 முதல் 18 மி.மீ. நல்ல குரூப். அதைவிடச் சிறியது போட்டித் துப்பாக்கியின் கணக்கு.

முலுண்ட் கிழக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எண்ணெய் விட்டு, ஹாபி வாங்கி, துணிப் பெட்டியில் சுட்டுப் பார்த்தாயிற்று. குரூப் 22 மி.மீ. பக்கம் வருகிறது. எடுத்த பெல்லட் எல்லாவற்றிலும் ஸ்கர்ட்டின் ஒரே பக்கத்தில் சின்னதாகச் சீவிய தடம். டேப்பின் மேல் டிஷ்யூ காகிதக் கீற்றை வைத்துச் சுட்டால் படபடவென்று அசைகிறது. வால்வுக்குப் போடும் அரைக்கும் பசையைத் தடவி டேப்பைத் தேய்த்து உட்கார வைக்கலாமா?

டேப் லோடர் எழுதியது:

அந்தப் பசையைத் தொடாதீர்கள் சார். டேப் ஒரு கூம்பு. தேய்க்கத் தேய்க்க அது தன் இருப்பிடத்தில் இன்னும் உள்ளே இறங்கும். இறங்கினால் குறுக்கே உள்ள துளையும் பேரலின் நேர்கோட்டைவிட்டு நகரும். கசிவு நிற்கும், சீவுவது இரட்டிப்பாகும். வால்வுப் பசையின் துகள் முரடு, உலோகத்தில் பதிந்து தொடர்ந்து அரித்துக்கொண்டும் இருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். ஸ்பிரிங் ஏறாத நிலையில் டேப்பின் சிறிய முனையில் உள்ள திருகை எடுத்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் டேப் பெரிய முனைப் பக்கம் வெளியே வரும். இருப்பிடத்திலும் டேப்பிலும் காய்ந்த எண்ணெயும் ஈயச் சீவலும் படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். பேரலைச் சுத்தம் செய்யவும் இதுதான் சமயம். டேப் இருக்கும்போது பின்பக்கம் வழி கிடையாது. பேரல் முனையிலிருந்து நைலான் பிரஷ், பிறகு காய்ந்த துணி, வெள்ளையாக வரும்வரை. டேப் பக்கம் சேரும் அழுக்கு காற்றுத் துளைக்குள் போகாமல் அங்கே ஒரு துணியை அடைத்துவையுங்கள். டேப்பைத் திரும்பப் போடும் முன் அதை எடுக்க மறக்க வேண்டாம். மெல்லிய மாலிப்டினம் கிரீஸை டேப்பின் இரு ஓரங்களிலும் மட்டும் தடவிப் பொருத்துங்கள். துளைப் பக்கம் வந்தால் அதுவும் எரியும். திருகை, கைப்பிடி ஒரு விரலால் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பல துப்பாக்கிகளில் கசிவு இதிலேயே போய்விடும்.

அதற்குப் பிறகும் சீவினால் கைப்பிடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிறுத்தும் இடம் தேய்ந்திருந்தால் டேப் அரை மி.மீ. அதிகம் திரும்பும். முழுதும் திருப்பாமல் மயிரிழை முன்னால் நிறுத்தி 5 குண்டு துணிப் பெட்டியில் சுடுங்கள். தடம் மறைந்தால் குறை அங்கேதான். நிறுத்தத்தில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு வைத்தால் போதும், மாற்ற வேண்டுமென்றால் எடுத்துவிடலாம். இவ்வளவு பழைய துப்பாக்கியில் பழையபடி மாற்ற முடியாத எந்த வேலையையும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பத்து மீட்டர் எழுதியது:

இரண்டு வார்த்தை. 2016 ஆயுத விதிகளின்படி .177-க்கு உட்பட்டு, 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. உங்களுடையது அந்த எல்லைக்கு வெகு கீழே: 0.45 கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டரில் போனால் சுமார் 6.5 ஜூல்தான். எடையைக் கிராமில், வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் ஜூல். இதே துப்பாக்கி நம்பர் 2 போரில், அதாவது .22-இல் வந்தால் லைசென்ஸ் வேண்டும். வாங்குபவர்கள் போரைப் பார்த்து வாங்குங்கள். மாடியில் சுடாதீர்கள். மும்பை வொர்லியில் மகாராஷ்டிரா ரைஃபிள் அசோசியேஷன் ரேஞ்ச் இருக்கிறது.

சயான் லெதர் எழுதியது:

மழைக்காலம் வருவதால் ஒன்று. ரெக்ஸின் உறையிலும் ஸ்பாஞ்ச் பெட்டியிலும் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் துணியால் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் படுக்க வைக்கலாம். பெல்லட் டப்பாவைத் திறந்தே போட்டால் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி படியும். அது விஷம், ஊதாதீர்கள். பொடி படிந்த பெல்லட்டைக் கழுவிச் சுடப் பார்க்க வேண்டாம், தலையின் அளவு மாறியிருக்கும், தூக்கி எறியுங்கள். டப்பாவுக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மூடியைச் சுற்றி செல்லோ டேப் ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும்.